சுத்தியல் மன்கூசோவின் வீடு

மார்ச் 7, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். முதல் மணித்தியாலத்திலேயே அடி வாங்கினேன்.

வீடு மொன்டெல்லோவில், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே. பலெர்மோ நகரத்திலிருந்து பேருந்தில் நாற்பது நிமிடம். நான் பராமரிக்க வேண்டிய நோயாளி எத்தோரே மன்கூசோ. வயது அறுபத்தெட்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இத்தாலியில் உதைபந்தாட்டம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. முன்கள வீரர். பதினைந்து வருடத்தில் நூற்று முப்பத்தொரு கோல். அதில் எழுபத்து நான்கு தலையால் முட்டிப் போட்டவை. "சுத்தியல்" என்று பட்டம் கொடுத்திருந்தார்கள்.

மகள் பத்ரீசியா கதவைத் திறந்தாள். பல் வைத்தியர். எனக்கு முதல் இரண்டு பெண்கள் வேலைக்கு இருந்தார்களாம். ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவள் ஒரு மத்தியானம் குப்பை போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரவே இல்லை.

"பலமான ஆம்பிளை ஒராள் வேணும்," என்றாள். "நீங்களும் விளையாடினனீங்களாமே?"

"யாழ்ப்பாணத்தில. நாவாந்துறை. பின்களத்தில நிண்டனான்."

பிலேந்திரன் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. பிலிப்போ ஆக்கிவிட்டாள்.

கிழவர் குசினியில் இருந்தார். கிழவர் என்று எழுதவே கை கூசுகிறது. கழுத்து இன்னும் பனங்குற்றி மாதிரி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்த அணி?"

"உங்கட அணிதான்," என்று சிரித்தேன்.

"பொய்," என்றார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கோப்பிப் பாத்திரத்தைத் தூக்கி என் நெஞ்சுக்கு எறிந்தார். சட்டையோடு தோல் வெந்துவிட்டது.

நடப்பதையெல்லாம் நாள், நேரம் போட்டு எழுத வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. அதற்குப் பத்ரீசியா ஒரு நீலக் கொப்பி தந்தாள். அதில் இத்தாலிய மொழியில், "காலை 9.20. கோப்பி. சிறிய காயம்" என்று எழுதினேன். இது என்னுடைய கொப்பி. அந்த வீட்டில் தமிழ் வாசிக்க ஆளில்லை. என் வீட்டில் மனைவி மெற்றில்டா என் பொருட்களைத் தொடமாட்டாள்.

மார்ச் 8, செவ்வாய்

தூசண வார்த்தைகள் மட்டும். அடி இல்லை. படுக்கை விரிப்பு மூன்று தோய்த்தேன்.

மார்ச் 11, வெள்ளி

சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்கப் படங்கள். இன்று ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பதினேழு வயதில், மீன்பிடிப் படகுக்காரரின் மகன், வடக்கே மூன்றாம் பிரிவு அணி ஒன்றுக்குப் போகிறார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அடுத்ததில் மீசை வைத்து முதலாம் பிரிவுக்கு வந்துவிட்டார். ஒரு வருடம் நாட்டிலேயே அதிக கோல் போட்டவர். தேசிய அணிச் சட்டையோடு ஒரே ஒரு படம். இருபது நிமிடம் விளையாடவிட்டு வெளியே எடுத்தார்களாம், பிறகு கூப்பிடவில்லை.

எல்லாப் படத்திலும் மற்றவர்களை விட ஒரு முழம் உயரத்தில் காற்றில் நிற்கிறார். நான் பின்களத்தில் நின்றவன். இப்படி ஒருவன் என் பக்கம் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், படத்தைத் துடைத்த கையை என் சட்டையில் துடைக்க மனம் வரவில்லை.

மத்தியானம் பழைய ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். அசையாமல் பார்த்தார். திரையில் அவர் எழும்பி முட்டியதும் கதிரையிலிருந்து எழும்பினார். பக்கத்தில் நான். என் வாயில் முட்டினார். மேல் உதடு பிளந்து பல்லில் தொங்கியது. திரும்பவும் முட்ட வந்தார். பின்னால் போய் இரண்டு முழங்கையையும் சேர்த்துப் பிடித்து நிலத்தில் இருத்தினேன். அப்படிப் பிடித்தால் அடங்குகிறார்.

வீட்டுக்கு வந்தபோது மெற்றில்டா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவள் கேட்கிற ஆள் இல்லை.

மார்ச் 13, ஞாயிறு

தமிழ்ப் பூசைக்குத் தனியே போனேன். மெற்றில்டா வரவில்லை. நேற்றுப் பின்னேரம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடது கன்னம் வீங்கியிருக்கிறது. கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

வரும் வழியில் சந்தையில் நல்ல நண்டு கிடைத்தது. நானே சமைத்தேன். அவளுக்கு மென்று சாப்பிடக் கஷ்டமாக இருந்திருக்கும். அவளுடைய பங்கு அப்படியே இருந்தது.

மார்ச் 18, வெள்ளி

நரம்பு வைத்தியரிடம் போனோம். காரில் பின் இருக்கையில் நானும் அவரும். இரண்டு தரம் ஓடுகிற காரின் கதவைத் திறக்கப் பார்த்தார். மூன்றாம் தரம் என் விரலைக் கடித்தார்.

வைத்தியர் மூளையின் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். "இதெல்லாம் பந்து செய்த வேலை," என்றார். "அந்தக் காலத்துப் பந்து தோல். மழையில நனைஞ்சா கல்லு மாதிரி. பயிற்சியில ஒரு நாளைக்கு நூறு தரம் முட்டியிருக்கிறார். கோபத்தை அடக்கிற இடம்தான் முதல்ல பழுதாகும். இப்ப அடிக்கிறது அவரில்லை. வருத்தம், மூளை நோய்."

பத்ரீசியா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது. அடிக்கிறது அவரில்லை. திரும்பும்போது முழு வழியும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். கடித்த விரலுக்கு நான்கு தையல்.

மார்ச் 24, வியாழன்

சவரம் செய்யும்போது தோளில் கிடந்த துவாயை என் கழுத்தில் போட்டு இறுக்கினார். கண் இருண்டது. முழங்காலால் அவருடைய தொடையில் இடித்துத் தப்பினேன். கழுவும் தொட்டி உடைந்து விழுந்தது. அவர் அதைப் பார்த்து, "றெஃபரி பார்க்கேல்ல," என்று சொல்லிக் கண் சிமிட்டினார்.

நீலக் கொப்பியில் முழங்காலை எழுதவில்லை. உயிர் தப்பச் செய்தது.

மார்ச் 31, வியாழன்

பத்ரீசியா வெளிறிப்போய் வந்தாள். கையில் கடிதம். தூலியோ என்று ஒருவர் எழுதியிருந்தார். 1981இல் எதிரணியில் பின்கள வீரர். கோர்ணர் உதையின்போது எத்தோரேயின் முழங்கை பட்டு அவருடைய வலது கண் போனது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. அதோடு விளையாட்டு முடிந்தது. சாவதற்கு முன் ஒரு தரம் எத்தோரேயை நேரில் பார்க்க விரும்புகிறாராம்.

"வரச் சொல்லவோ?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

"அவருக்கு ஒண்டும் ஞாபகமிருக்காது," என்றேன்.

"அதைத்தான் நானும் தொலைபேசியில சொன்னனான். பரவாயில்லையாம்."

ஏப்ரல் 2, சனி

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுத வேண்டும்.

தூலியோ பத்து மணிக்கு வந்தார். மெலிந்த, நேர்த்தியாக உடுத்த மனிதர். வலது கண் கண்ணாடிக் கண். அது அசையாததால் அவர் எப்போதும் வேறொருவரையும் சேர்த்துப் பார்ப்பது போல இருந்தது. ஒரு பெட்டி இனிப்பு கொண்டு வந்திருந்தார்.

தோட்டத்தில் இருத்தினோம். எத்தோரேக்கு அவரைத் தெரியவில்லை. இனிப்பை மட்டும் தின்றார். கிறீம் நாடியில் வழிந்தது. தூலியோ ஆத்திரப்படாமல் பேசினார்.

"அந்த நாள் நல்ல மழை. நான் உனக்குப் பின்னால நிண்டனான். கை உன்ர இடுப்பில. பந்து வந்தது. பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது. கோலைக் குடுத்திட்டாங்கள். றெஃபரி பார்க்கேல்ல. அடுத்த நாள் பேப்பரில, தற்செயலாப் பட்டது எண்டு நீ சொல்லியிருந்தாய். நாற்பது வருஷமா அந்த ஒண்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். தற்செயலா? வேணுமெண்டா?"

எத்தோரே இன்னொரு இனிப்பை எடுத்தார்.

பத்ரீசியா அழுதாள். "நான் மன்னிப்புக் கேக்கிறன். அவருக்காக நான் கேக்கிறன்."

"நீ அப்ப சின்னப்பிள்ளை, மகள்," என்றார் தூலியோ. பிறகு என் பக்கம் திரும்பினார். "அவரை எழுப்பி நிப்பாட்ட ஏலுமோ? ஒரு பந்து இருக்கோ?"

பந்து இருந்தது. நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது. அதுதான் உண்மை. சுத்தியல் மன்கூசோ பந்துக்கு எழும்புவதைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிற ஆசை.

மதிலைக் கோலாக வைத்து நிறுத்தினேன். தூலியோ அவருக்குப் பின்னால், சற்று வலப்பக்கம் போய் நின்று, ஒரு கையை மெதுவாக அவர் இடுப்பில் வைத்தார். அந்தக் கை பட்டதும் எத்தோரேயின் முதுகு நிமிர்ந்தது. முழங்கால் மடிந்தது. நான் பக்கத்திலிருந்து பந்தை உயர்த்தி எறிந்தேன்.

எத்தோரே பந்தைப் பார்க்கவில்லை. முதலில் வலத் தோளுக்கு மேலால் திரும்பி, தூலியோவின் முகம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். ஒரு கணம்தான். அளவெடுக்கிற பார்வை. முழங்கை பின்னால் போனது. பச்சைத் தடி முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எழும்பிப் பந்தை முட்டினார். பந்து மதிலில் பட்டுத் திரும்பியது. இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி ஓடினார்.

தூலியோ மண்டியிட்டு இருந்தார். முன்பல் இரண்டு உள்ளங்கையில். வாயிலிருந்து இரத்தம் கயிறு மாதிரித் தொங்கியது. நான் தாங்கிப் பிடித்தேன். அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"பார்த்தனீரோ?" என்றார். "என்னைப் பார்த்திட்டு அடிச்சவர். பார்த்தனீரோ நீர்?"

"ஓம். பார்த்தனான்."

"காணும்," என்றார். "இனிக் காணும்."

பத்ரீசியா அவரைத் தன் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வாயைத் தைத்தாள். நான் எத்தோரேயைக் குளிப்பாட்டினேன். முழங்கையில் பல் பட்ட காயம். பாட்டுப் பாடினார். இந்த நான்கு கிழமையில் அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

மெற்றில்டாவுக்கு நேற்றைய கதையைச் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "பார்த்திட்டுத்தான் அடிப்பினம். எல்லாரும் பார்த்திட்டுத்தான் அடிக்கிறவை," என்றாள்.

"என்ன சொல்லுறீர்?" என்றேன்.

"ஒண்டுமில்லை."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சின்ன வாக்குவாதம். பீங்கான் ஒன்று உடைந்தது. அவளுடைய கையில் கொஞ்சம் காயம்.

நானும் எத்தனை பந்தை முட்டியிருப்பேன். நாவாந்துறை மைதானத்தில் பதினொரு வயதிலிருந்து. அந்தப் பந்தும் தோல்தான், தையல் பிய்ந்து, கடற்கரை மழையில் ஊறினது. ஒரு நாள் நானும் அந்த வைத்தியரிடம் தலையைக் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 6, புதன்

மெற்றில்டா தன் தங்கச்சி யூலியற் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து அவள் துப்புரவு வேலை செய்கிற ஹோட்டல் கிட்ட. சோறு நானே போட்டுச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9, சனி

எத்தோரே மத்தியானம் நித்திரையானதும் பத்ரீசியாவுடன் குசினியில் இருந்து கடலை உரித்தேன். அவளாகவே தொடங்கினாள்.

"அந்த வைத்தியர் சொன்னதை நீங்கள் நம்பிறியளோ, பிலிப்போ?"

"படம் காட்டினவர்தானே."

"படம் உண்மை. மூளை பழுதானது உண்மை. ஆனா என்ர அம்மாவுக்கு முதல் அடி கலியாணம் கட்டி மூண்டாம் நாள் விழுந்தது. அப்பாவுக்கு அப்ப இருபத்திரண்டு வயது. முதல் பிரிவுக்கே வரேல்ல. அப்ப எந்த மூளை பழுது?"

நான் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை.

"பதினைஞ்சு வருஷ விளையாட்டில பதினொரு சிவப்பு அட்டை. ஆனா ஒருக்காலும் றெஃபரியில கை வைக்கேல்ல. ஒரு பயிற்சியாளரை, ஒரு பத்திரிகைக்காரனைத் தொடேல்ல. கமெரா எங்க நிக்குது, றெஃபரி எங்க பார்க்கிறார், எல்லாம் வடிவாத் தெரியும். வீட்டுக்கு வந்து யன்னலைச் சாத்திப்போட்டுத்தான் அம்மாவை அடிப்பார். தோத்தாலும் அடி, வெண்டாலும் அடி. அடுத்த நாள் பூ வாங்கிக்கொண்டு வருவார். அம்மாவுக்குப் பிடிச்ச மீன் வாங்கித் தானே சமைப்பார்."

"அம்மா இப்ப..."

"நான் பதினாலு வயதில இருக்கேக்க செத்துப்போனா. படியால விழுந்து. அப்பிடித்தான் எழுதியிருக்கு." தோலைக் கூட்டிக் கையில் அள்ளினாள். "இப்ப ஆரெண்டு பார்க்காம எல்லாரையும் அடிக்கிறார். வைத்தியரையும் அடிக்கிறார், தபால்காரனையும் அடிக்கிறார். அதுதான் வருத்தம். முந்தி இருந்ததுக்கு வருத்தம் எண்டு பேரில்லை."

"அப்ப ஏன் நீங்கள் அவரைப் பார்க்கிறியள்?"

யோசித்தாள். "ஒருக்காலாவது என்ர முகத்தைப் பார்த்து, நான்தான் செய்தனான் எண்டு சொல்லுவார் எண்டு காத்துக்கொண்டிருந்தனான். இப்ப சொல்ல அவருக்கு ஆளில்லை. உள்ளுக்குள்ள ஆளில்லை."

நீலக் கொப்பியில் இன்று எழுத ஒன்றுமில்லை. யூலியற் வீட்டுக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். சகலன் மரியநாயகம்தான் எடுத்தான். அவள் குளிக்கிறாளாம். இரண்டு தரமும் குளிக்கிறாளாம்.

ஏப்ரல் 14, பெரிய வியாழன்

எத்தோரே விழுந்துவிட்டார். காறை எலும்பும் கன்ன எலும்பும் முறிவு. வைத்தியசாலையில்.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

நேற்று எழுதியதை அடிக்கப் போவதில்லை. அது அப்படியே கிடக்கட்டும்.

நடந்தது இது. பின்னேரம் நான்கு மணி. பத்ரீசியா தகப்பனுக்கு மருந்து கொடுக்கக் குனிந்தாள். அவர் அவளுடைய தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்து, முகத்தை மேசை விளிம்பில் அடித்தார். ஒரு தரம், இரண்டு தரம். தாயின் பெயரைச் சொல்லி அடித்தார். "லூச்சியா, வாயை மூடு. லூச்சியா." மேசை விரிப்பெல்லாம் இரத்தம். நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவளை விடுவித்தேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். நான் வழக்கம்போலப் பின்னால் போய் இரண்டு முழங்கையையும் பிடித்து நிலத்தில் இருத்தினேன்.

அவர் அடங்கிவிட்டார். மூச்சு சீராகிவிட்டது. தலை என் மார்பில் சாய்ந்திருந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை, குளியலறையில் இருந்தவளுக்கும் இல்லை.

நான் கையை விட்டேன். முன்னால் வந்தேன். குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். சாத்தியிருந்தது. பிறகு அடித்தேன். முகத்தில் இரண்டு. அவர் சரிந்து விழுந்த பிறகு தோளில் காலால் ஒன்று.

கதவைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.

பத்ரீசியா வெளியே வந்தபோது, "விழுந்திட்டார்," என்றேன். அம்புலன்ஸ்காரரிடமும் அதையே சொன்னேன். நீலக் கொப்பியிலும் அதையே எழுதினேன். அந்தச் சொல் என் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது. பழகின வாய்.

ஏப்ரல் 16, சனி

வைத்தியசாலைக்குப் போனேன். பத்ரீசியா மூக்கில் பிளாஸ்திரியோடு கட்டிலருகில் இருந்தாள். "பிலிப்போ வந்திருக்கிறார், அப்பா," என்றாள்.

அவருக்கு மகளைத் தெரியாது. என்னை ஆறு கிழமையாக ஒவ்வொரு காலையும் ஆர் நீ என்று கேட்டவர். இன்று கேட்கவில்லை. என்னைக் கண்டதும் முறியாத கையைத் தூக்கினார். அடிக்க அல்ல. உள்ளங்கையை வெளியே திருப்பி, முகத்துக்கு முன்னால் பிடித்து, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார். மூத்திரம் போய்விட்டது. விரிப்பு நனைந்தது.

"நோவால இப்பிடிச் செய்யிறார்," என்றாள் பத்ரீசியா.

அந்தக் கையை எனக்குத் தெரியும். மெற்றில்டா அப்படித்தான் பிடிப்பாள். உள்ளங்கை வெளியே, தலை தோளுக்குள். ஒன்பது வருடமாக எனக்கு முன்னால் அப்படி ஒரு கை உயர்ந்துகொண்டிருக்கிறது. அவள் எந்தக் குளியலறையிலும் வழுக்கவில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தது என்று அடித்தேன். தங்கச்சியோடு தொலைபேசியில் சிரித்தாள் என்று அடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பார்த்துத்தான் அடிக்கிறார்கள் என்று உண்மையைச் சொன்னதற்காகப் பீங்கானை அவளுடைய கையில் போட்டு உடைத்தேன். எழுதிவிட்டேன்.

என்னுடைய தலைக்கு ஒன்றுமில்லை. நான் எந்த வைத்தியரிடமும் போகத் தேவையில்லை.

ஏப்ரல் 17, உயிர்த்த ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 19, செவ்வாய்

பத்ரீசியாவை வைத்தியசாலை முற்றத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "அவர் விழேல்ல. அடங்கின பிறகு நான் அடிச்சனான். மூண்டு தரம்."

என்னைப் பார்த்தாள். மூக்கைச் சுற்றிக் கறுத்திருந்தது. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்ர கையால செய்ய வேண்டினதை நீங்கள் செய்திருக்கிறியள்," என்றாள். "நன்றி. உண்மையாச் சொல்லுறன், நன்றி. ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. அவர் விழுந்தவர். அம்மாவும் விழுந்தவதானே."

எனக்கு நன்றி சொல்கிறாள். என்னை அவளுடைய தாய்க்குப் பக்கத்தில் நின்றவனாக நினைத்து நன்றி சொல்கிறாள்.

"பத்ரீசியா," என்றேன், "நான் உங்கட அப்பாவின்ர பக்கத்து ஆள். என்ர மனிசியைக் கேட்டுப் பாருங்கோ."

அவள் விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் என் கையை விட்டாள். சூடு பட்டது போல விட்டாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

நீலக் கொப்பியில் ஏப்ரல் 14க்குக் கீழே இத்தாலிய மொழியில் நடந்ததை எழுதினேன். "விழுந்தார்" என்பதை வெட்டி, "நான் அடித்தேன்" என்று போட்டேன். எழுவாயோடு. வைத்தியரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் வாசித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். காவல்துறையினர் இருவர் வந்து எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வழக்கு வரும், ஊரை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். வேலை போய்விட்டது. யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை.

ஏப்ரல் 22, வெள்ளி

எத்தோரேயைப் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்கு மாற்றியதாகப் பத்ரீசியா இரண்டு வரியில் செய்தி அனுப்பியிருந்தாள். அங்கே அடிக்கவே இல்லையாம். யார் கிட்டப் போனாலும் கையைத் தூக்கி முகத்தை மறைக்கிறாராம். இது நான் அவருக்குச் செய்தது. அவர் வேறு என்னவெல்லாம் செய்திருந்தாலும், இது நான் செய்தது.

பின்னேரம் மெற்றில்டாவின் உடுப்புகளையும் விசாக் கடதாசிகளையும் பையில் போட்டுக்கொண்டு யூலியற் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. மரியநாயகம் கதவைத் திறந்தான். நல்ல மனிதன். என் தோளில் கை போட்டு, "வா மச்சான், புருசன் பெண்சாதி எண்டால் சண்டை வரும்தானே, இருந்து கதைச்சுத் தீர்ப்பம்," என்றான்.

மெற்றில்டா உள்ளே நின்றாள். கையில் இன்னும் கட்டு. பக்கத்தில் யூலியற், கோப்பிக் கோப்பையோடு. இவர்களுக்கு மெற்றில்டா எதையும் சொல்லவில்லை என்று அந்த முகங்களைப் பார்த்ததும் தெரிந்தது.

"அந்தக் கிழவருக்கு அடிச்சதை நான் பொலிசில சொல்லிப்போட்டன்," என்றேன்.

"கேள்விப்பட்டனான்."

"உமக்கு அடிச்சதும்... மெற்றில்டா, இவ்வளவு நாளும் உமக்கு நான் செய்தது..."

"அதை எனக்கேன் சொல்லுறியள்?" என்றாள். சத்தம் உயரவில்லை. "எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்கள் இஞ்ச ரெண்டு பேர் நிக்கினம். அவைக்குச் சொல்லுங்கோ."

மரியநாயகத்தின் பக்கம் திரும்பினேன். அவனுடைய கை என் தோளில் இருந்தது. சொன்னேன். எந்த வருடம் தொடங்கியது, கன்னம், மணிக்கட்டு, பீங்கான், காய்ச்சல் என்று கோயிலில் சொன்ன பொய்கள், எல்லாம். யூலியற் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுத் தமக்கையின் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள். பாதியிலேயே மரியநாயகம் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான். நான் நிறுத்தவில்லை. முடிக்கும்வரை மெற்றில்டா ஒரு சொல்லும் திருத்தவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், "அது ரெண்டு தரம்," என்றாள். இரண்டு தரம் என்று மாற்றிச் சொன்னேன்.

முடிந்ததும் பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கடதாசிகள் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

எங்கள் ஆட்கள் வாசலில் நிற்கிறவனிடம், எவ்வளவு கோபம் என்றாலும், போயிட்டு வாங்கோ என்றுதான் சொல்லுவார்கள். மெற்றில்டா கதவில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போங்கோ," என்றாள்.